நூறு காலடி மைதானம்

கடை
ஜனவரி 9

அன்புத் தம்பிக்கு அக்கா எழுதுவது.

இங்கே நானும் மாமாவும் நலம். மாமாவுக்கு நான்கு நாள் சளி. கடைக்கு வர வேண்டாம் என்று சொன்னதற்கு, வீட்டில் உட்கார்ந்தபடி மணிக்கொரு தரம் ஆள் அனுப்பிக் கடையை விசாரித்தார். இருமிக்கொண்டே கடையில் இருந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். உன் வீட்டில் எல்லோரும் சுகம்தானே?

விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் பள்ளியும் பக்கத்துப் பள்ளியும் சேர்ந்து அமைத்த மைதானக் குழுவிடமிருந்து கடிதம் வந்துவிட்டது. செயற்கைப் புல் விரிக்கும் வேலை நம் கடைக்குத்தான். தம்பி அங்கே உடற்பயிற்சி ஆசிரியர், அதனால்தான் அக்காவுக்குக் கிடைத்தது என்று யாராவது முணுமுணுத்தால், போட்டிக்கு வந்த மற்ற இருவரின் மாதிரித் துண்டையும் என்னுடையதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் செருப்புக் காலால் நூறு தரம் தேய்க்கச் சொல். எது மொட்டையாகிறது என்று பார்த்துவிட்டுப் பேசட்டும்.

மிதியடியில் ஆரம்பித்தவள் நான். பாய், தரைவிரிப்பு, அலுவலகக் கம்பளம் என்று ஒவ்வொன்றாக ஏறி வந்தேன். முழு மைதானம் இதுதான் முதல் தடவை. சரியாக அமைந்தால் அடுத்த பத்துப் பள்ளி தானாக வரும். சொதப்பினால் அந்தச் சேதியும் தானாகப் போகும்.

வேலை முடியும்வரை எல்லாம் கடிதத்தில்தான். போனில் நீ "சரிக்கா, சரிக்கா" என்பாய். எதற்குச் சரி சொன்னாய் என்று மறுநாள் உனக்கே தெரியாது. எழுதினால் மாட்டிக்கொள்வாய்.

ஒரு சிக்கல். மாத முடிவுக்குள் தொழிற்சாலைக்கு அளவு போக வேண்டும். தவறினால் மழைக்கு முன் சரக்கு வராது. என் மேஸ்திரி இன்னும் மூன்று வாரம் வேறு வேலையில் மாட்டியிருக்கிறார். அவரை எல்லோரும் மட்டக்கோல் என்றுதான் கூப்பிடுவோம். சாப்பிடுகிற மேசையைக்கூட மட்டம் பார்த்துவிட்டுத்தான் உட்காருவார். எனவே நீயே நடந்து அளந்து அனுப்பு. உன் காலடி ஒன்று ஒரு மீட்டர் என்பது நம் வீட்டுச் சட்டம். மிதியடியோடு கயிறும் நான் விற்ற நாளில் நீ நடந்து அளந்து கொடுத்ததில் ஒரு சாண் குறைந்தது என்று யாரும் வந்து நின்றதில்லை.

உன் வீட்டுக்காரியை விசாரித்ததாகச் சொல்.

அக்கா


பள்ளி
ஜனவரி 17

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. இங்கே இருவரும் நலம். மாமாவின் சளி விட்டதா? கடையை விட்டு அவரைப் பிரித்தால் சளி எப்படி விடும்?

நேற்று மாலை பிள்ளைகள் போன பிறகு அளந்தேன். கிழக்குச் சுவரிலிருந்து மேற்குச் சுவர்வரை நூறு. வடக்கிலிருந்து தெற்கு அறுபத்தொன்று. அவசரப்படாமல், எண்ணிக்கை விடாமல் நடந்தேன். எழுதிக்கொள்.

பதினொரு வருடமாக நான் கேட்டது இது. மழை பெய்தால் சேறு, வெயில் அடித்தால் கல். போன வருடம் மட்டும் எத்தனை முழங்கால் தோலை இந்த மைதானம் வாங்கிக்கொண்டது என்று முதலுதவிப் பெட்டியைக் கேட்டால் தெரியும். பக்கத்துப் பள்ளிக்கோ மைதானமே கிடையாது. இனி மைதானத்துக்குச் சற்றுத் தள்ளி இருக்கிற நடுச்சுவரில் ஒரு வாசல் வைத்து இருவருக்கும் பங்கு. அவர்களுடைய தலைமை ஆசிரியை எப்போதும் கழுத்தில் விசிலோடு இருப்பார்; பிள்ளைகள் வைத்த பெயர் விசிலம்மா. புல் இன்னும் தொழிற்சாலையில் பிறக்கவே இல்லை, அந்த அம்மா நேர அட்டவணை கேட்டு ஆள் அனுப்பிவிட்டார்.

இரண்டு பள்ளிக்கும் சேர்த்து ஒரு மைதானப் பொறுப்பாளரைக் குழு தேர்ந்தெடுக்கப் போகிறது. என் பெயரைக் கொடுத்திருக்கிறேன். இது எனக்குக் கிடைக்க வேண்டும் அக்கா. விசிலம்மாவிடம் ஓர் இளம் பயிற்சியாளர் இருக்கிறார், மான் மாதிரி ஓடுகிறார். நான் ஓடுவதைக் குறைத்துவிட்டேன். இத்தனை வருடத்துக்குப் பிறகு நின்ற இடத்திலிருந்தே வேலை வாங்கத் தெரிய வேண்டாமா?

ஒன்று கேட்க வேண்டும். புல்லுக்கு அடியில் மெத்தை மாதிரி ஏதோ விரிப்பார்களாமே, நம் மைதானத்துக்கு அது உண்டா? கால் வைத்தால் எவ்வளவு அமுங்கும்?

உன் அன்புத் தம்பி


கடை
ஜனவரி 23

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் சுகம். மாமா கடைக்கு வந்துவிட்டார், சளியும் கூடவே வந்தது.

நீ கொடுத்த அளவைத் தொழிற்சாலைக்கு அனுப்பியாகிவிட்டது. சுருள் ஒன்று நான்கு மீட்டர் அகலம். மைதானத்தின் குறுக்கே வரிசையாக விரித்தால் நூறு மீட்டருக்கு இருபத்தைந்து சுருள். ஒவ்வொன்றும் அறுபத்தொரு மீட்டர் நீளமாக வெட்டி வரும். எல்லாச் சுருளிலும் புல் ஒரே பக்கம் சாய வேண்டும். ஒன்று திரும்பிப் படுத்தாலும் நிறம் வேறாகத் தெரியும், பந்தும் வேறு மாதிரி உருளும். அதை மட்டக்கோல் பார்த்துக்கொள்வார்.

அளவைச் சரிபார்த்தாயா என்று மாமா கேட்டார். மாமாவின் சட்டைக்கே மூன்று தரம் டேப் போடுகிறவள் நான். டேப் போடாமல் நான் ஏற்றுக்கொள்கிற அளவு உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் என்று சொன்னேன்.

அடிமெத்தை உண்டு. விரல் கனம் இருக்கும். விழுகிற பிள்ளைக்கு நல்லது. நீ ஏன் அதைக் கேட்கிறாய்? நீ எப்போது விழுந்தாய்?

அக்கா


பள்ளி
பிப்ரவரி 19

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் மாமாவும் நலமாக இருப்பீர்கள்.

மட்டக்கோல் வந்து ஒரு வாரமாகிறது. மேல்மண்ணை வாரிவிட்டு வடிகால் வெட்டி ஜல்லி கொட்டத் தொடங்கியிருக்கிறார். நடுச்சுவரில் வாசலும் இடித்தாகிவிட்டது. அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் முழு இடைவேளையும் வாசலில் நின்று ரோலர் ஓடுவதைப் பார்க்கிறார்கள். கோடு தாண்டினால் விசில்.

ஒரு சின்னக் குழப்பம். மட்டக்கோல் டேப் போட்டுவிட்டு வந்து, "சார், சுவருக்குச் சுவர் தொண்ணூத்திரண்டுதான் வருது. அகலம் அம்பத்தாறு" என்கிறார்.

"சரியா இழுத்துப் பிடிச்சீங்களா?" என்று கேட்டேன்.

"டேப்பைத்தான் சார் இழுத்தேன், சுவரை இழுக்கல" என்கிறார்.

அவருடைய டேப் பழசாக இருக்கும். நீண்டு போயிருந்தால் அளவு குறைத்துத்தான் காட்டும். புது டேப் வாங்கிக் கொடு. நான் அளந்தது தப்பாது, உனக்கே தெரியும்.

அந்த அடிமெத்தை கோல் கம்பத்துக்கு வெளியே நாங்கள் நிற்கிற ஓரத்திலும் வருமா? நாள் முழுக்க அங்கேதானே நிற்க வேண்டியிருக்கிறது.

தம்பி


கடை
பிப்ரவரி 26

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் சுகம். நீ சுகமா என்பதை இந்தத் தடவை வழக்கத்துக்காகக் கேட்கவில்லை.

மட்டக்கோலின் டேப் இரும்பு. இரும்பு நீளாது. ஆனாலும் உன் வார்த்தைக்காகப் புது டேப் வாங்கிக் கொடுத்து இரண்டு தரம் அளக்கச் சொன்னேன். தொண்ணூற்றிரண்டு, ஐம்பத்தாறு. இருபத்தைந்து சுருளும் அதற்குள் தயாராகி லாரி ஏறிவிட்டன. இரண்டு முழுச் சுருள் அதிகம். மற்ற இருபத்து மூன்றிலும் ஐந்து மீட்டர் வால் மிச்சம். குறைந்திருந்தால் தலையில் கை வைத்திருப்பேன், கூடியதை வெட்டிக்கொள்ளலாம். அது என் கவலை, விடு.

பிறகு உட்கார்ந்து யோசித்தேன். எண்ணும்போது கவனம் தப்பினால் ஒரு பக்கம் தப்பும், மறுபக்கம் சரியாக இருக்கும். உனக்கு இரண்டு பக்கமும் ஒரே கணக்கில் கூடியிருக்கிறது. பன்னிரண்டுக்கு ஒன்று, அங்கேயும் இங்கேயும். அப்படியானால் எண்ணினவன் தப்பவில்லை, அளவுகோல் சுருங்கியிருக்கிறது.

கடைக்கு வந்த காகிதம் எதையும் நான் எறிவதில்லை. நீ அந்தப் பள்ளியில் சேர்ந்த வாரம் எழுதிய கடிதத்தைத் தேடி எடுத்தேன். "மைதானம் பெரிசுக்கா. நீளம் தொண்ணூத்திரண்டு, அகலம் அம்பத்தாறு. நடந்து பார்த்துட்டேன்." உன் கையெழுத்துதான். சுவர் அப்போது நின்ற இடத்திலேயே இப்போதும் நிற்கிறது.

இரண்டு கடிதமாக ஓடுவதில்லை, நிற்கிறேன், அடிமெத்தை உண்டா என்கிறாய். நான் விற்பவள். ஒரு ஆள் எந்தச் சரக்கைத் திரும்பத் திரும்பத் தடவிப் பார்க்கிறான் என்பதை வைத்து அவனுக்கு எது குறை என்று சொல்லிவிடுவேன்.

காலில் என்ன?

அக்கா


கடை
மார்ச் 15

தம்பிக்கு,

பதினேழு நாள் ஆகிறது. மட்டக்கோலிடமிருந்து தினம் சேதி வருகிறது: சுருள் இறங்கிவிட்டது, கல்தூள் மட்டமாகிவிட்டது, அடிமெத்தை பாதி விரித்தாகிவிட்டது, சார் நலம். சார் நலம் என்று அவர் சொல்வதை நான் நம்பவில்லை. நீ சொல்லிக் கொடுத்துச் சொல்கிறார். பொய் சொல்லும்போது அவர் குரல் மட்டத்தில் இருக்காது.

கோபமாக இருந்தால் கோபமாகவே எழுது. ஆனால் எழுது.

அக்கா


பள்ளி
மார்ச் 28

அன்புள்ள அக்காவுக்கு,

மன்னித்துக்கொள். ஐந்து தரம் எழுதிக் கிழித்தேன்.

போன வருடத்துக்கு முந்தின வருட மழையில், இதே மைதானத்தில், இதே சேற்றில் வழுக்கி விழுந்தேன். வலது முழங்கால். அன்று துடைத்துக்கொண்டு எழுந்து பயிற்சியை முடித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன். தானாகச் சரியாகிவிடும் என்று இருந்தேன். உள்ளே ஏதோ கிழிந்திருக்கிறது என்றார் டாக்டர். அறுவைசிகிச்சை செய்தால் மூன்று மாதம் படுக்கை, ஊன்றுகோல் என்றார். மூன்று மாதம் நான் படுத்தால், அந்த மான்குட்டி என் விசிலை எடுத்துக்கொள்ளும். எனக்கு அலுவலக அறையில் ஒரு மேசை போட்டு வருகைப் பதிவேட்டைக் கொடுப்பார்கள். பதினொரு வருடம் கேட்டு வாங்கிய மைதானத்தை நான் ஜன்னல் வழியாகப் பார்க்க வேண்டும்.

இங்கே யாருக்கும் தெரியாது. நான் நேராகத்தான் நடக்கிறேன். கொஞ்சம் வலி, அவ்வளவுதான். காலடி குறைந்தது எனக்கே தெரியாது அக்கா. நூறு வந்தபோது ஒரு நிமிஷம் சந்தோஷமாகக்கூட இருந்தது. சரியான நூறு.

உனக்கு நஷ்டம் வைத்துவிட்டேன். குழுவிடம் என்ன காரணம் சொல்லப் போகிறாய்? எதைச் சொன்னாலும் காலை மட்டும் சொல்லாதே.

தம்பி

அண்ணி, வணக்கம். உங்கள் தம்பியின் வீட்டுக்காரி எழுதுகிறேன். தபாலில் போடச் சொல்லி என்னிடம் கொடுத்தார், படித்தேன். 'கொஞ்சம் வலி' என்பதை நம்ப வேண்டாம். மாடிப்படியில் ஒவ்வொரு படிக்கும் இரண்டு காலையும் வைத்து ஏறுகிறார், நான் பார்த்தால் போன் பேசுவதுபோல் நின்றுவிடுகிறார். டாக்டர் எழுதியதை ஷூ பெட்டிக்குள் ஒளித்து வைத்திருந்தார். நகல் எடுத்து இதோடு வைத்திருக்கிறேன்.


கடை
ஏப்ரல் 2

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் சுகம். நீ சுகமில்லை. எழுத்தில் வந்துவிட்டது, நல்லது. உன் வீட்டுக்காரியைக் கடையில் வேலைக்கு எடுத்துக்கொள்ளலாம் போலிருக்கிறது, நகல் எடுக்கத் தெரிந்திருக்கிறது. அவளைத் திட்டாதே.

குழுவுக்கு எழுதியதன் பிரதி இது: "சுருள் கூடுதலாக வந்தது எங்கள் தவறு. டேப் போடாமல் அளவு கொடுத்தோம். கூடுதல் சரக்குக்குக் குழு பொறுப்பல்ல. இரண்டு சுருளையும் வீணாக்காமல், நடுச்சுவர் வாசலிலிருந்து மைதானம்வரை பாதையாக விரித்துத் தருகிறோம். பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகளின் காலில் ஒட்டும் மண் பாதையிலேயே உதிர்ந்துவிடும். மைதானம் சுத்தமாக இருக்கும்."

இதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. டேப் போடாதது நான். முப்பது வருடத்தில் ஒரு தடவை போடவில்லை, அன்றைக்கே மாட்டிக்கொண்டேன். பாதை வெட்டியான யோசனையும் இல்லை. அடுத்த பள்ளிக்கு விலைப்பட்டியல் கொடுக்கும்போது 'மண் உதிர்க்கும் பாதை' என்று தனி வரியே போடப் போகிறேன்.

உன் காலைப் பற்றி நான் எழுதவில்லை. அது என் சரக்கு இல்லை. நீதான் போய்ச் சொல்ல வேண்டும், பொறுப்பாளரைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்பாக. மறைத்து வாங்கின பதவியை நாள் முழுக்க மறைத்துத்தான் காப்பாற்ற வேண்டும். அந்தக் காலோடு அது முடியாது. கிடைக்காமல் போகலாம். போனால் போகட்டும் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. ஆனாலும் போய்ச் சொல்.

அக்கா


பள்ளி
ஏப்ரல் 17

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாக இருக்கிறாயா? மாமா? நேற்றுக் குழு கூடியது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

தலைமை ஆசிரியர் அறை. மேசையில் உன் கடிதம், பக்கத்தில் ஒரு புல் துண்டு. விசிலம்மா அதைத் தடவிக்கொண்டே, "இந்தப் பாதை யோசனை யாரோடது? என் பிள்ளைங்க காலை நான் தினம் தொடைச்சு விட வேண்டாம். நல்ல மூளை" என்றார். பிறகு பொறுப்பாளர் விஷயம் வந்தது. நான் எழுந்து நின்றேன்.

"அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும். அளவு தப்பினது என்னாலதான். என் முழங்கால்ல ஒரு கோளாறு. யாருக்கும் சொல்லல. ஆபரேஷன் பண்ணணும்."

ஒருவரும் ஆச்சரியப்படவில்லை. எங்கள் தலைமை ஆசிரியர் தண்ணீர் குடித்தார். அப்புறம் விசிலம்மா, "சார், நீங்க நொண்டுறது எங்க ரெண்டாம் வகுப்புக்கே தெரியும். உங்களை மாதிரி நடந்து காட்டித்தான் விளையாடுதுங்க. நான் ரெண்டு தரம் அதட்டியிருக்கேன்" என்றார்.

"அப்ப ஏன் யாருமே கேட்கல?"

"நீங்க மறைக்கிறதுக்கு அவ்வளவு பாடுபட்டீங்க. கெடுக்க மனசு வரல."

அக்கா, ஊருக்கெல்லாம் தெரிந்திருக்கிறது. தெரியாமல் இருந்தது உனக்கு மட்டும்தான். நீயும் கணக்குப் போட்டுக் கண்டுபிடித்துவிட்டாய்.

என்னை வெளியே அனுப்பிவிட்டுப் பேசினார்கள். வராந்தாவில் அந்தப் பயிற்சியாளர் நின்றிருந்தார். "சார், மழை வந்தா எந்த மூலையில தண்ணி முதல்ல தேங்கும்னு உங்களுக்குத் தெரியும். எனக்கு ஓடத்தான் தெரியும்" என்றார். உள்ளேயும் அதையே சொல்லியிருக்கிறார். ஓட்டமும் பயிற்சியும் அவர். மைதானமும் அட்டவணையும் பராமரிப்பும் நான். மே மாத விடுமுறையிலேயே அறுவைசிகிச்சை செய்துகொள்ள வேண்டும் என்று விசிலம்மா நிபந்தனை போட்டு எழுதி வாங்கிக்கொண்டார். அவரும் உன்னை மாதிரிதான், காகிதம் கேட்கிறார்.

தம்பி


கடை
மே 30

அன்புத் தம்பிக்கு,

உன் ஆபரேஷனுக்குத் துணை இருந்துவிட்டுப் பத்திரமாக ஊர் வந்து சேர்ந்தேன். நான் இல்லாத பத்து நாளில் மாமா கடையைத் தலைகீழாக்காமல் வைத்திருந்தார். பொருள்களைத்தான் இடம் மாற்றிவிட்டார். ஒன்றையும் கண்டுபிடிக்க முடியவில்லை.

ஆஸ்பத்திரியில் என்னால் உனக்கு வெட்கமாக இருந்ததாக உன் வீட்டுக்காரி எழுதியிருக்கிறாள். எதற்கு வெட்கம்? நர்ஸ்கள் நாள் முழுக்க வழவழத் தரையில் நடக்கிறார்கள். வழுக்காத விரிப்பு வேண்டுமா என்று கேட்டேன், வேண்டும் என்றார்கள். நாற்பது அனுப்பியாகிவிட்டது.

ஊன்றுகோலை எறிய டாக்டர் சொல்லும்வரை எறியாதே. எறிந்த பிறகு மைதானத்தை ஒரு தடவை நீள வாட்டில் நடந்து, எத்தனை காலடி என்று எனக்கு எழுது. அவசரமில்லை.

அக்கா


பள்ளி
ஆகஸ்ட் 20

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம், இந்தத் தடவை நிஜமாகவே.

முதல் பெரிய மழை நேற்றுதான். காலை முழுக்கக் கொட்டியது. பழைய நாளாக இருந்தால் பிள்ளைகளை வகுப்பில் அடைத்து வைத்திருப்போம். மழை விட்டுக் கால் மணி நேரத்தில் இரண்டு பள்ளியும் மைதானத்தில். தண்ணீர் எங்கே போனது என்று விசிலம்மா குனிந்து தேடுகிறார். வடகிழக்கு மூலையில் மட்டும் ஓர் உள்ளங்கை அளவுக்கு நின்றது. மட்டக்கோல் புல்லுக்கு இடையில் ரப்பர் குருணை நிரப்ப வந்திருந்தார், அதைப் பார்த்துவிட்டு மத்தியானச் சாப்பாட்டைத் தொடவில்லை.

வாசலிலிருந்து வருகிற பாதையில்தான் தினமும் காலையில் நடந்து பழகினேன். பிள்ளைகள் அதற்கு 'சார் பாதை' என்று பேர் வைத்துவிட்டார்கள். மண் அதில்தான் உதிர்கிறது, நீ சொன்னபடி.

இன்று மாலை அளந்தேன். கிழக்குச் சுவரிலிருந்து மேற்குச் சுவர்வரை. தொண்ணூற்றேழு. இரண்டு மூன்றைக் குறைத்து எழுதினால் உனக்குச் சந்தோஷமாக இருக்குமே என்று ஒரு நிமிஷம் தோன்றியது. தொண்ணூற்றேழுதான். இனி இதற்குமேல் குறையாது என்கிறார் டாக்டர்.

மாமாவுக்கு என் அன்பு.

தம்பி


கடை
ஆகஸ்ட் 27

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் இருவரும் சுகம்.

நீ எழுதியது தொண்ணூற்றேழு. கோல் கம்பத்துக்குப் பின்னால் நின்று மட்டக்கோல் எண்ணியதும் தொண்ணூற்றேழு. குருணை நிரப்ப மட்டும்தான் அவர் வந்தார் என்று நினைத்தாயா? உன்னை நம்பாமல் இல்லை. ஒரு தடவை டேப் போடாமல் விட்டது போதும் என்றுதான்.

இனி வேலைக்கு வருகிறேன். உங்கள் ஊருக்கு அடுத்த ஊரில் ஒரு பள்ளி, மைதானத்துக்கு விலை கேட்டிருக்கிறது. விசிலம்மா சொல்லித்தான் கேட்டார்களாம், பாதையும் சேர்த்து. ஞாயிற்றுக்கிழமை நீ போய் நடந்து அளந்து அனுப்பு. காலடியை மட்டும் எழுது, மீட்டரை நான் போட்டுக்கொள்கிறேன். உன் தொண்ணூற்றேழு காலடிக்குத் தொண்ணூற்றிரண்டு மீட்டர். கல்லாவுக்கு மேலே சுவரில் எழுதி ஒட்டிவிட்டேன். இது யாருடைய கணக்கு என்று மாமா கேட்டார். நம் வீட்டுச் சட்டத்தில் ஒரு திருத்தம் என்றேன்.

நாளைக்கு வயதாகி இன்னும் குறைந்தாலும் ஒன்றுமில்லை. குறைந்ததும் எனக்கு எழுது. பழைய தாளைக் கிழித்துவிட்டுப் புதுசு ஒட்டுகிறேன்.

மட்டக்கோல் திங்கட்கிழமை அங்கே டேப்போடு வருவார்.

அக்கா